டர்பன் 2019: குசல் பெரேராவும் விஷ்வவும் அந்த 78 ஓட்டங்களை எப்படிச் சேர்த்தார்கள்?

திருமலை கோச் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு பாடசாலையின் 17 வயதுக்குட்பட்ட அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் ஒரு குறை. எட்டு விக்கெட் விழுந்ததும் நின்று ஆடிக்கொண்டிருக்கும் பையன் நிதானத்தை இழந்துவிடுகிறான். ஒன்று, ஓவரின் முதல் பந்திலேயே சிங்கிள் ஓடி, கடைசிப் பையனை ஐந்து பந்துகளுக்கு முன்னால் தள்ளிவிடுகிறான். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு வீசி, தானே பிடி கொடுத்து வெளியேறுகிறான். போன மாதம் ஒரு ஆட்டம் இப்படியே கையை விட்டுப் போனது.

2019 பெப்ரவரியில் இலங்கை தென்னாபிரிக்கா போனபோது டர்பனில் நடந்த முதல் டெஸ்டை இவர்களுக்குப் பாடமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் 226இல் விழுந்தது. அதற்குப் பிறகு குசல் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும் 78 ஓட்டங்களைச் சேர்த்து ஒரு விக்கெட்டால் வென்றார்கள். நான் பார்த்ததெல்லாம் சுருக்கக் காட்சிகள்தான். அவற்றில் பவுண்டரியும் சிக்ஸரும் மட்டும் வருகின்றன. எனக்கு வேண்டியது அவற்றுக்கு இடையில் நடந்தது. எந்தப் பந்தில் சிங்கிள் எடுத்தார்கள், தென்னாபிரிக்கத் தலைவர் டு பிளெசி களத்தடுப்பை எப்படி வைத்தார், விஷ்வ என்ன செய்தார்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னோடு பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒருவர் ‘அது அதிர்ஷ்டம், தென்னாபிரிக்க வேகப்பந்து வீச்சாளர் பிலாண்டருக்குக் காயம் வராவிட்டால் தோற்றிருப்பார்கள்’ என்கிறார். அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கன்பராவில் அவுஸ்திரேலியாவிடம் 366 ஓட்டங்களால் தோற்ற அணி அது. அப்படிப்பட்ட அணி எப்படி மாறியது என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

ஸ்கோர் புத்தகம் (பதில் 1)

கோச், அந்த நாலாம் நாள் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவன் நான். சனிக்கிழமை. டர்பனில் காலை பத்து மணி என்றால் நமக்கு ஒன்றரை மணி. மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தால் மாலை வரைக்கும் அசைய முடியாத ஆட்டம். எனக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டே பார்க்கும் பழக்கம் உண்டு. அதனால் சிலது கையிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கடைசி ஜோடியின் கணக்கு. விஷ்வ உள்ளே வரும்போது குசல் 86. ஆட்டம் முடியும்போது குசல் 153, விஷ்வ 6. 78இல் குசலின் பங்கு 67, விஷ்வவின் பங்கு 6, மீதி உதிரி ஓட்டங்கள். விஷ்வ சந்தித்த பந்துகள் 27. உங்கள் பிள்ளைகளுக்கு இந்த 27ஐத்தான் முதலில் சொல்ல வேண்டும். பதினோராம் ஆள் இருபத்தேழு பந்து நின்றிருக்கிறார். அவரை முழுக்க ஒளித்து வைத்து எடுத்த வெற்றி இல்லை இது. ஸ்டெய்னும் ரபாடாவும் ஒலிவியரும் இருந்த பந்துவீச்சு அது. அந்த ஒலிவியர் அதற்கு முந்தைய மாதம்தான் பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று டெஸ்டில் 24 விக்கெட் எடுத்திருந்தார்.

களத்தடுப்பு: டு பிளெசி குசலுக்கு ஆட்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார். சிங்கிளைக் கொடு, பதினோராம் ஆளை அவுட் ஆக்கு என்ற பழைய கணக்கு. விஷ்வ துடுப்பெடுத்தால் எல்லோரும் கிட்டே வருவார்கள். குசல் செய்தது என்னவென்றால், ஓவரின் தொடக்கத்தில் கிடைத்த சிங்கிள்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். பந்து ஆழத்தில் நிற்பவரிடம் போகும், ஓடலாம், ஓட மாட்டார். ஓவரின் பின்பாதியில் அதே சிங்கிளை எடுப்பார். நடுவில் தன் வட்டத்துக்குள் பந்து வந்தால் மட்டும் முழு வீச்சு. மொத்த இன்னிங்ஸில் 12 பவுண்டரி, 5 சிக்ஸர். ஸ்டெய்னையும் சிக்ஸருக்குத் தூக்கினார். ஆனால் எல்லாப் பந்தையும் தூக்கப் பார்க்கவில்லை. களத்தடுப்பு விரிந்து கிடக்கும்போது தூக்குவதற்கும் உள்ளே இருக்கும்போது தூக்குவதற்கும் வித்தியாசம் தெரிந்த ஆட்டம். ஜெயித்த அடிகூட ரபாடாவின் பந்தை தேர்ட் மேன் பக்கம் மெல்லத் திருப்பிவிட்ட பவுண்டரிதான்.

பலரும் சொல்லாத ஒன்று உண்டு. குசல் இடக்கை, விஷ்வ பந்து வீசுவது இடக்கையால் என்றாலும் துடுப்பெடுப்பது வலக்கையில். ஒவ்வொரு சிங்கிளுக்கும் பந்துவீச்சாளர் தன் நேர்கோட்டை மாற்ற வேண்டும், களத்தடுப்பாளர் எல்லோரும் இடம் மாற வேண்டும். ஒருவருக்கு விரிந்த களம், மற்றவருக்குச் சுருங்கிய களம் என்று இருக்கும்போது அந்த இடமாற்றம் இரண்டு மடங்கு. வெயிலில் நான்காம் நாள் அது ஒரு அணியை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் தனஞ்சய டி சில்வா. எனக்கு இதில்தான் மனத்தாங்கல். எல்லோரும் கடைசி 78ஐப் பேசுகிறார்கள். காலையில் 83க்கு 3 என்று தொடங்கினார்கள். ஸ்டெய்ன் ஒரே மூச்சில் ஓஷதவையும் டிக்வெல்லவையும் எடுத்தபோது 110க்கு 5. அங்கிருந்து குசலும் தனஞ்சயவும் சேர்ந்து 96 ஓட்டங்கள். தனஞ்சயவின் பங்கு 48. அந்த ஜோடி இல்லையென்றால் கடைசி ஜோடிக்கு 78 மீதமிருந்திருக்காது, 150க்கு மேல் இருந்திருக்கும். சுழற்பந்து வீச்சாளர் மகாராஜ் தனஞ்சயவை எடுத்து அடுத்ததாக லக்மாலையும் எடுத்தபோது ஓட்டம் 206. அங்கிருந்து 226க்குள் இன்னும் இரண்டு போனது. குசல் அந்த இருபது ஓட்டங்களுக்குள் நான்கு ஜோடிகளை இழந்தும் தன் ஆட்டத்தை மாற்றவில்லை. உங்கள் பையன்கள் நிதானம் இழப்பது சரியாக அந்த இடத்தில்தான். அவர்களுக்கு நான் காட்டுவதாக இருந்தால் கடைசி அரை மணியை விட 206இலிருந்து 226 வரைக்கும் உள்ள பகுதியைத்தான் காட்டுவேன்.

குசல் பெரேரா யார் என்பதையும் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்று சொல்லி நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். 2016 மே மாதம் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலே விலக்கிக்கொண்டது. அதற்குள் ஒரு இருபது ஓவர் உலகக் கிண்ணம் போய்விட்டது. கன்பராவில் ஜை ரிச்சர்ட்சனின் பந்து தலைக்கவசத்தில் பட்டு, தொடர முடியாமல் வெளியே வந்தவரும் இவர்தான். டர்பனில் 200 பந்து நின்றவர் அதே ஆள், அதே மாதம்.

பிலாண்டர் விஷயம். ஆமாம், அவர் தொடைத் தசைப் பிடிப்பால் நாலாம் நாள் வீச முடியவில்லை. அது உண்மை. ஆனால் இலங்கைப் பக்கம் யார் யார் இல்லை என்று உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். மெத்தியூஸ் இல்லை. சமீர, லஹிரு குமார இருவரும் காயம். சண்டிமால் தலைவர் பதவியும் போய், அணியிலும் இல்லை. திமுத் கருணாரத்ன முதல் தடவையாக டெஸ்ட் அணியை நடத்துகிறார், அவரும் கன்பராவில் கம்மின்ஸின் பவுன்சர் கழுத்தில் பட்டு ஸ்ட்ரெச்சரில் போனவர். திரும்பி வந்து 59 எடுத்தார், அது வேறு. டர்பனில் எம்புல்தெனியவுக்கும் ஓஷதவுக்கும் அறிமுக டெஸ்ட். எம்புல்தெனிய இரண்டாம் இன்னிங்ஸில் 66 ஓட்டங்களுக்கு 5. விஷ்வ இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்கு. எட்டு விக்கெட் எடுத்த ஆள்தான் கடைசியில் 27 பந்து தடுத்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கிங்ஸ்மீட் பக்கத்து வீடு (பதில் 2)

நான் தமிழ்நாடு, வேலைக்காக டர்பனில் இருக்கிறேன். அந்த ஆட்டத்தை மைதானத்தில் பார்க்கவில்லை, அப்போது இங்கே வரவில்லை. ஆனால் மைதானத்தைப் பற்றிச் சொல்ல முடியும்.

அந்த டெஸ்ட் நடந்த கிங்ஸ்மீட் மைதானம் கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. இங்கே வெயிலும் ஈரப்பதமும் சென்னை மாதிரி. பெப்ரவரி என்றால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கடல் ஏற்றத்தின்போது பந்து அதிகம் அசையும் என்று உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள், நான் அதை அப்படியே நம்பவில்லை. ஆனால் ஜோகன்னஸ்பர்க், செஞ்சூரியன் போல ஆடுகளம் முகத்துக்கு எகிறாது என்பது உண்மை. அவை இரண்டும் மலைப்பீடத்தில், உயரத்தில் இருக்கும் ஊர்கள், டர்பன் கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். சுழற்பந்துக்கும் இங்கே கொஞ்சம் இடம் உண்டு. கேஷவ் மகாராஜ் இந்த ஊர்க்காரர், இந்த மைதானத்தில் வளர்ந்தவர். அந்த இன்னிங்ஸில் அவருக்கு மூன்று விக்கெட்.

ஆசிய அணிகளின் பழைய முடிவுகளைப் பாருங்கள். 1998இல் பாகிஸ்தான் இங்கே 29 ஓட்டங்களால் வென்றது. 2010இல் இந்தியா 87 ஓட்டங்களால், அதில் லட்சுமண் இரண்டாம் இன்னிங்ஸில் 96. 2011இல் இலங்கை தென்னாபிரிக்காவில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே மைதானத்தில்தான், 208 ஓட்டங்களால். சங்கக்காரவின் சதம், ஹேரத்தின் ஐந்து விக்கெட். எனவே சுற்றுப்பயணத்தின் முதல் டெஸ்ட் டர்பனில் அமைந்தது இலங்கைக்கு நல்லதாகப் போனது என்று நான் சொல்வேன். அதே தொடர் செஞ்சூரியனில் தொடங்கியிருந்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது.

இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1860 நவம்பரில் மதராஸில் இருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் வந்து சேர்ந்த துறைமுகம் இது. மைதானத்தில் நம் முகங்கள் நிறைய இருக்கும். பெயர்ப் பலகைகளில் நாயுடு, பிள்ளை, கோவேந்தர் எல்லாம் பார்க்கலாம். தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் கைதட்டுவது தென்னாபிரிக்காவுக்கு, அதில் சந்தேகமே வேண்டாம். அதுதான் அவர்கள் நாடு.

சேப்பாக்கம் ரசிகன் (பதில் 3)

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. டர்பனைப் பெரிதாகப் பேசி, இரண்டாவது டெஸ்ட் நடந்த போர்ட் எலிசபெத்தை விட்டுவிடுகிறோம். என் பார்வையில் அணி மாறியதற்குச் சான்று இரண்டாவது டெஸ்ட்தான்.

யோசித்துப் பாருங்கள். டர்பனில் ஒரு மனிதர் தனியாக நின்று மீட்டார். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு அடுத்த டெஸ்டில் மூச்சு வாங்கிப் படுத்துவிடும் அணிகளை நிறையப் பார்த்திருக்கிறோம். இலங்கை முதல் இன்னிங்ஸில் 154க்குச் சுருண்டது. 68 ஓட்டங்கள் பின்னால். அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். லக்மால் நான்கு, தனஞ்சய மூன்று, தென்னாபிரிக்கா 128க்கு எல்லோரும் அவுட். இலக்கு 197. இரண்டாம் நாள் முடிவில் 60க்கு 2. மூன்றாம் நாள் காலையில் குசல் மெண்டிஸும் ஓஷத பெர்னாண்டோவும் ஒரு விக்கெட்கூட விழவிடாமல் முடித்தார்கள். மெண்டிஸ் 84, ஓஷத 75. குசல் பெரேராவுக்குத் துடுப்பெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணி.

எங்கள் இந்திய ஆட்கள் இதுவரை அங்கே தொடர் வென்றதில்லை. கோலி தலைமையில் 2018இலும் 2021-22இலும் போனார்கள், இரண்டு தடவையும் 2-1 என்று தோற்றார்கள். இரண்டாவது பயணத்தில் செஞ்சூரியனில் வென்று முன்னிலையில் இருந்தும் கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் கேப்டவுனில் 642 பந்துகளில் முடிந்த அந்த டெஸ்டை வென்றும் 1-1. முதல் இரண்டு பயணங்களிலும் பும்ராவும் ஷமியும் இருந்தார்கள். முக்கிய ஆட்கள் பலர் இல்லாமல் போன கருணாரத்னவின் அணி இரண்டுக்கு இரண்டு வென்றது என்பது எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில் ஹெடிங்லியில் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸும் லீச்சும் கடைசி விக்கெட்டுக்கு 76 சேர்த்து வென்றார்கள். உலகம் அதைத்தான் பேசியது. அது பெரிய இன்னிங்ஸ், நான் குறைக்கவில்லை. ஆனால் ஸ்டோக்ஸ் தன் நாட்டில், தன் கூட்டத்துக்கு முன்னால் ஆடினார். குசல் ஆடியது வெளிநாட்டில், பாதி காலியான இருக்கைகளுக்கு முன்னால். கடைசி விக்கெட்டில் சேர்த்து வென்ற ஓட்டங்களில் உலகச் சாதனையும் குசல்–விஷ்வ உடையதுதான். அதற்கு முன் 1994இல் கராச்சியில் பாகிஸ்தானின் இன்சமாமும் முஷ்டாக் அகமதுவும் சேர்த்த 57. அதிலும் கடைசியில் அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் ஹீலி தவறவிட்ட ஸ்டம்பிங் பந்து நான்கு உதிரி ஓட்டங்களாகப் போய்த்தான் ஆட்டம் முடிந்தது. டர்பனில் கடைசி நான்கு துடுப்பில் இருந்து வந்தது.

ஆனால் கோச், பிள்ளைகளிடம் முழுவதையும் சொல்லுங்கள். அதே பயணத்தின் ஒருநாள் தொடரில் இலங்கை 5-0 என்று தோற்றது. இருபது ஓவர் தொடர் 3-0. 2024 நவம்பரில் மறுபடி டர்பன் போனபோது 42க்கு ஓல் அவுட், தென்னாபிரிக்காவின் யான்சன் 13 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட். அதே கிங்ஸ்மீட். அணி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

திருமலை கோச்

மூவருக்கும் நன்றி. என்னோடு பயிற்சி கொடுக்கும் அண்ணனிடம் மெத்தியூஸ், சமீர, குமார பெயர்களை வாசித்துக் காட்டினேன். பிலாண்டரை இன்னும் விடவில்லை, ஆனால் விஷ்வ எட்டு விக்கெட் எடுத்தவர் என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஸ்கோர் புத்தகம் அண்ணா, இன்னும் ஒரு கேள்வி. 206இலிருந்து 226 வரையான பகுதியைக் காட்டச் சொன்னீர்கள். பார்த்தால் மட்டும் போதாது, செய்தும் பார்க்க வேண்டும். இதை வலையில் எப்படிப் பழக்குவது? என்னிடம் பதினான்கு பையன்கள், ஒரே ஒரு நல்ல ஆடுகளம்.

ஸ்கோர் புத்தகம்

வலையில் வராது கோச். வலையில் களத்தடுப்பு இல்லை, ஓட்டம் இல்லை. இந்தப் பிரச்சினை முழுக்க ஓடுவதில் இருக்கிறது. நடு ஆடுகளத்தில் வையுங்கள். பதினான்கு பேர் போதும்.

ஒரு நல்ல துடுப்பாட்டக்காரன், ஒரு பதினோராம் ஆள். ஆறு ஓவரில் 30 ஓட்டம், கையில் ஒரே விக்கெட். நல்லவன் ஆடும்போது ஐந்து பேரையாவது எல்லைக்கோட்டில் நிறுத்துங்கள். மற்றவன் ஆடும்போது எல்லோரையும் உள்ளே கொண்டுவாருங்கள், ஸ்லிப்பும் ஷோர்ட் லெக்கும் வையுங்கள். முதல் மூன்று பந்தில் இரண்டு ஓட்டமோ பவுண்டரியோ எடுக்கலாம், சிங்கிள் எடுத்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலாம் பந்தில் இருந்து எல்லாம் சேரும். முதல் கிழமை இந்த விதியை வைத்துப் பழகட்டும். பிறகு விதியை எடுத்துவிடுங்கள், அவர்களாகவே தீர்மானிக்கட்டும். ஏனென்றால் குசலும் சில தடவை ஓவரின் தொடக்கத்தில் சிங்கிள் எடுத்தார். பந்துவீச்சாளர் களைத்திருக்கிறாரா, விஷ்வவுக்குக் கொஞ்சம் கண் பழகிவிட்டதா என்று பார்த்து எடுத்தார். கடைசிப் பக்கம் போகப் போக விஷ்வவை அதிகம் நம்பினார் என்பது பார்த்தாலே தெரியும்.

பதினோராம் ஆளுக்குத் தனியாக ஒரு வேலை கொடுங்கள். அவனுக்கு ஓட்டம் வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது பந்து, உங்கள் அணியில் வேகமாக வீசுகிறவன் வீச வேண்டும். ஸ்டம்புக்கு வரும் பந்தை மட்டும் தடுக்க வேண்டும், வெளியே போவதை விட வேண்டும். உடம்புக்கு வருவதை உடம்பில் வாங்கக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் தலைக்கவசமும் மார்புக் காப்பும் இல்லாமல் கூடாது. பாடசாலையில் அவை இல்லையென்றால் டென்னிஸ் பந்தை ஈரமாக்கி வீசச் சொல்லுங்கள், வேகம் போதுமான அளவு வரும்.

இன்னொன்று, ஓடும் அழைப்பு. யார் கூப்பிடுவது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைக்கட்டும். நல்லவன்தான் எல்லா அழைப்பும் கொடுக்க வேண்டும், பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போனாலும் சரி. கடைசி ஜோடிகளில் பாதி ரன் அவுட் அந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது. சனிக்கிழமை முயற்சி செய்துவிட்டு எந்தப் பையன் எத்தனையாவது பந்தில் சிங்கிள் எடுத்தான் என்று எழுதி இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.